கம்பி எங்கே வளைந்தது

ஆறு வருடம் மட்டும் பார்த்த ஒரு வேலையை விட்டுவிட்டு, முப்பது வயதில், "நான் அந்தத் தொழிலில் இருந்த காலத்தில்" என்று எழுதத் தொடங்குவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் கேட்டிருக்கிறார்கள். லண்டன் லூயிஷாமில் நான் வேலை செய்த கடை தன் ஸ்கோப் கவுண்டரை மூடிவிட்டது. இனி எல்லாம் இணையத்தில்தான். எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர், இப்போது ஒரு பண்டகசாலையில் கணினிக்கு முன்னால் இருந்து மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுகிறார்கள். வருகிற மின்னஞ்சல்களில் பாதி ஒரே கேள்வி: தூர இலக்குச் சுடுதலுக்கு, கை கடிக்காத விலையில், எந்த ஸ்கோப் வாங்கலாம்? நீங்கள் என்றால் என்ன சொல்லுவீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். ஒரு வரியில் பதில் எழுதலாம் என்று இருந்தேன். ஒரு வரியில் வரவில்லை.

முதலில், தெரியாதவர்களுக்காக. ஸ்கோப் என்பது துப்பாக்கியின் மேல் பூட்டுகிற தொலைநோக்கி. உள்ளே ஒரு குறுக்குக் கம்பி தெரியும். மேலும் பக்கத்திலும் இருக்கிற திருகுகளைத் திருப்பினால் க்ளிக், க்ளிக் என்று அந்தக் கம்பி நகரும். எங்கள் கடையில் துப்பாக்கி விற்பதில்லை. பறவை பார்ப்பவர்களுக்குப் பைனாகுலர், வானம் பார்ப்பவர்களுக்குத் தொலைநோக்கி, கிளப்புகளில் உரிமம் பெற்று இலக்குச் சுடுபவர்களுக்கு ஸ்கோப். இவ்வளவுதான். ஆனால் அந்த வருடங்களில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பெடியன் துப்பாக்கிக்குப் பூட்டுகிற சாமான் விற்கிறான் என்று வெளியே சொல்ல அம்மாவுக்குப் பயம். கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் "கண்ணாடிக் கடையிலை நிக்கிறான்" என்று சொல்லிவைத்தார். அதனால் மாதம் ஒருவராவது வாசிக்கிற கண்ணாடி மலிவாக எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள்.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாலு மாதம் பெட்டி அடுக்கினேன், மூன்று மாதம் வில்லை துடைத்தேன், பிறகு கவுண்டரில் விட்டார்கள். பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அதனால் பன்னிரண்டு வயதிலிருந்து கவுன்சில் படிவம், பெனிபிட் படிவம், டொக்டரிடம் கொடுக்கிற படிவம் எல்லாம் நான் நிரப்பியவை. மாமாமார், சித்தப்பாமார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் நான்தான். ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, மொழிபெயர்த்து, பதில் கேட்டு எழுத நேரம் போதாது. பெரியவர்களிடம் "உங்களுக்கு ஏதும் நோய் வருத்தம் இருக்கோ, காது கேட்குமோ" என்று கேட்பதும் எனக்குக் கூச்சம். அவர்களைப் பார்த்து நானே எழுதிவிடுவேன். உடல்நலம்: நல்லது. பார்வை: நல்லது. கையெழுத்து வைக்கிற இடத்தில் மட்டும் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட்டுக் கொடுப்பேன். இந்தப் பழக்கத்தை நான் வேலைக்கும் கொண்டுபோனேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

கடையில் எங்களுக்கு மேலே இருந்தவர் புஷ்பா மேடம். மலேசியத் தமிழர், ஈப்போ. ஒளியியல் படிக்க மாணவியாக வந்து, இங்கேயே வேலை எடுத்து நின்றுவிட்டவர். ஹரோவிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவார், ஆனால் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்திருப்பார். மேல்மாடியில் அவருடைய பரிசோதனை மேசை. பேசும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டார், மேசையோடு பேசுவதுபோல இருக்கும். சில வேளை பேச்சின் கடைசியில் மலேசியாக்காரரின் ஒரு "லா" விழும். ஒரு ஸ்கோப்பை நல்லது என்றோ கெட்டது என்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "இது திரும்பி வருது", "இது திரும்பி வரல", இரண்டில் ஒன்று.

திரும்பி வருவது என்றால் இதுதான். ஸ்கோப்பை இரண்டு V வடிவக் கட்டைகளில் கிடத்தி இறுக்குவார். நடைபாதையின் கடைசிச் சுவரில் கட்டம் போட்ட தாள். கம்பியை அதன் நடுப்புள்ளியில் வைப்பார். மேலே நாற்பது க்ளிக், வலது பக்கம் நாற்பது, கீழே நாற்பது, இடது பக்கம் நாற்பது. ஒரு சதுரம் சுற்றிக் கம்பி புறப்பட்ட புள்ளிக்கே வந்து நிற்க வேண்டும். விலை கூடிய சில ஸ்கோப்புகள் வராது. விலை குறைந்த சில, தவறாமல் வரும். மலிவாக வாங்க நினைப்பவன் தேட வேண்டியது அந்தச் சிலவற்றைத்தான். ஆயிரம் யார், அதாவது ஏறக்குறைய தொள்ளாயிரம் மீட்டர் தூரத்தில் சுடுகிறவன் ஒவ்வொரு தூரத்துக்கும் கம்பியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பான். ஏற்றியது சொன்ன இடத்துக்கு இறங்காவிட்டால், படம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் பயனில்லை.

விற்பதற்கு ஒரு கார்டு உண்டு. அது புஷ்பா மேடம் எழுதிய கார்டு. ஆறு கேள்வி. எந்தக் கண்ணால் பார்க்கிறீர்கள்? ஆகக் கூடிய தூரம் எவ்வளவு, அது யாரா மீட்டரா? என்ன துப்பாக்கி, என்ன ரவை, அதாவது குண்டு? ஸ்கோப் ஏறுகிற அடித்தட்டு மட்டமா சரிவா? எவ்வளவு வரை செலவழிப்பீர்கள்? கடைசியாக எப்போது கண் பரிசோதித்தீர்கள்? இந்த ஆறையும் வாயால் கேட்டு எழுதும் வரை அலுமாரியைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். விற்ற பொருளை வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால் அதே கார்டின் பின்பக்கத்தில் என்ன குறை என்று எழுதி, அவருடைய மேசைக்கு அனுப்ப வேண்டும்.

மரியதாஸ் அண்ணை என் மூன்றாம் வருடத்தில் வந்தார். மன்னார்க்காரர், பஸ் சாரதி, ஐம்பத்திரண்டு வயது. நான் "அங்கிள்" என்று தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்கிள் எண்டால் நான் வேறை கடைக்குப் போறன். அண்ணை எண்டு சொல்லு, கிழவனாக்காதை."

டிப்போவில் கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் அவரைத் தன் கிளப்புக்குக் கூட்டிப்போயிருந்தார். இரண்டு வருடமாகக் கிட்டத்து இலக்குச் சுட்டுப் பழகி, உரிமம் எடுத்து, பழைய துப்பாக்கி ஒன்றும் வாங்கிவிட்டார். அந்த வருடம் கிளப்காரர்கள் ஆயிரம் யார் போட்டியில் சுடப் போகிறார்கள், அவருக்கும் அணியில் ஓர் இடம். நாள் முழுக்கச் சனத்தின் ஏச்சும் டிராபிக்கும். அங்கே குப்புறப் படுத்தால் ஒருத்தரும் மணி அடிக்கிறதில்லை என்றார். கையில் ஒரு விளம்பரத் தாள். அதில் இருபத்துநாலு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு மலிவு ஸ்கோப்.

அது வேண்டாம் என்று நான் சொன்னேன். மலிவான வில்லையில் பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் இருட்டும். வெயிலில் தரையிலிருந்து எழும்பும் கானல் எல்லாம் சேர்ந்து பெரிதாகும். முக்கியமாக, அதன் கம்பி ஏறும் அளவு குறைவு. ஆயிரம் யார் தூரம் போவதற்குள் ரவை வெகுவாகக் கீழே விழும், அதற்கு ஈடாகக் கம்பியை அவ்வளவு ஏற்ற வேண்டும். திருகு பாதி வழியிலேயே முட்டி நின்றுவிடும். அதற்குப் பதிலாகப் பதினாறு மடங்கு, கம்பி நன்றாக ஏறுகிற, சதுரம் சுற்றித் திரும்பி வருகிற ஒன்றை எடுத்து, அடியில் முன்பக்கம் சரிந்த ஒரு தட்டைப் பூட்டச் சொன்னேன். விளம்பரத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் கூட. இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடிய பதில் இதுவேதான், அதில் மாற்றமில்லை.

ஆனால் கார்டு? அவர் தேத்தண்ணிக் கோப்பையை வலது கையால் தூக்கினார், நான் "வலது கண்" என்று எழுதினேன். பஸ் சாரதிக்குக் கண் பார்க்காமலா வேலை கொடுப்பார்கள் என்று நினைத்து, கடைசிக் கேள்விக்கு "சரி" என்று எழுதினேன். கையெழுத்துக்குப் புள்ளடி போட்டுக் கொடுத்தேன். ஊர்க்காரப் பெடியன் எல்லாத்தையும் தானே பார்த்துச் செய்கிறான் என்று அவருக்குச் சந்தோஷம்.

ஒரு மாதத்தில் திரும்பி வந்தார். கம்பி வளைந்திருக்கிறது என்றார். நிற்கிற கம்பியில், நடுவுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு முடக்கு. நான் வாங்கிப் பார்த்தேன். கம்பி நேராக இருந்தது. கண்வில்லையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன். அப்போதும் நேராகத்தான் இருந்தது.

"என்ன தம்பி, தெரியுதோ?"

அவர் பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால், இத்தனை வயதுக்காரர் பொய் சொல்கிறார் என்று சொன்னதுபோல ஆகிவிடும் என்று பட்டது.

"ஓம் அண்ணை, லேசா ஒரு வளைவு மாதிரித்தான் கிடக்கு," என்றேன்.

கார்டின் பின்பக்கம் "கம்பி வளைவு" என்று எழுதி, அதே வகையில் புதிதாக ஒன்று கொடுத்தேன். மலிவு ஸ்கோப்பில் உண்மையான மெல்லிய கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள், அது சில வேளை தளரும். ஆகவே எழுதியது முழுப் பொய் அல்ல, நடக்கக்கூடியதுதான் என்று என்னை நானே சமாதானம் செய்தேன். புஷ்பா மேடம் அப்போது ஆறு வார லீவில் ஈப்போ போயிருந்தார். அண்ணை திருப்பித் தந்த ஸ்கோப் அவருடைய மேசையில் கிடந்தது.

பத்து நாள் கழித்து இரண்டாவதும் வந்தது. அதே இடம், அதே முடக்கு. இந்த முறை நான் ஒழுங்காகப் பார்க்கவும் இல்லை, தலையை ஆட்டினேன். இரண்டாவது கார்டிலும் "கம்பி வளைவு". இனிக் கம்பி கட்டியதே வேண்டாம் என்று, வில்லையிலேயே கோடு பொறித்த வேறு வகை ஒன்று கொடுத்தேன். போட்டிக்கு இன்னும் ஒரு மாதம் என்றார். சோதனைச் சுடுதலில் ரவைகள் இலக்கின் ஒரு பக்கமாகவே போகின்றனவாம். அணியில் அவருடைய இடத்துக்கு வேறு ஒருவரைப் பேசத் தொடங்கிவிட்டார்களாம்.

புஷ்பா மேடம் லீவு முடிந்து வந்த அன்றே என்னை மேலே கூப்பிட்டார். மேசையில் இரண்டு ஸ்கோப்பும், பக்கத்தில் என் இரண்டு கார்டும்.

"தம்பி, இதுல வளைவுன்னு எழுதியிருக்கே. நீ பார்த்தியா, இல்ல அவரு பார்த்தாரா?"

அவர்தான் பார்த்தார் என்றேன்.

"அப்ப இது யாரு கையெழுத்து?"

என்னுடையது என்றேன். இரண்டு கார்டிலும் என் எழுத்துக்குக் கீழே சிவப்பு மையில் "குறை இல்லை" என்று எழுதினார். இரண்டுமே சதுரம் சுற்றித் திரும்பி வந்தன என்றார். பிறகு மேசையைப் பார்த்தபடியே, அந்த மனிதர் மறுபடி வருவார், வந்தால் மேலே கூட்டிக்கொண்டு வா, ஸ்கோப்பைக் கால் வட்டம் திருப்பி, வளைவு எங்கே என்று கேள் என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. அந்தச் சோதனை எங்கள் எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு செய்ததில்லை, அவ்வளவுதான். ஸ்கோப்பைக் கட்டையிலேயே கால் வட்டம் உருட்டினால், கோட்டில் இருக்கிற குறையும் கோட்டோடு சேர்ந்து உருளும். கீழே இருந்தது பக்கத்துக்குப் போகும். உருளாமல் அதே இடத்தில் நின்றால் குறை ஸ்கோப்பில் இல்லை.

வில்லையில் பொறித்த கோடு வளையாது. அதைப் பத்து நாளைக்கு முன்னால் அவருக்குக் கொடுத்தபோதே எனக்கு அது தெரியும். அவர் மூன்றாவது ஸ்கோப்புடன் கதவைத் திறந்து வந்தபோது, அவர் என்ன சொல்லப்போகிறார் என்றும் தெரிந்திருந்தது.

மத்தியானம். மேலே கூட்டிப்போனேன். புஷ்பா மேடம் தன் பக்கமிருந்த ஒரு பைனாகுலரைக் கழற்றிக்கொண்டிருந்தார், எழும்பவில்லை. நான் ஸ்கோப்பைக் கட்டையில் வைத்தேன். அண்ணை குனிந்து வலது கண்ணை வைத்தார்.

"எங்கை வளைஞ்சிருக்கு, அண்ணை?"

"நடுவுக்குக் கீழை. முந்தியும் அங்கைதானே."

நான் ஸ்கோப்பைக் கால் வட்டம் திருப்பினேன். நின்ற கோடு இப்போது படுத்தது, படுத்தது நின்றது.

"இப்ப?"

கொஞ்ச நேரம் பார்த்தார். "அதே இடம். கீழைதான்."

இன்னொரு கால் வட்டம். "இப்ப?"

"கீழை."

நான் எதைத் திருப்பினேன், எது திரும்பவில்லை என்று அவர் மெதுவாகக் கணக்குப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. மற்றக் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"அண்ணை, ஸ்கோப்பிலை ஒரு பிழையும் இல்லை," என்றேன். "முந்தின இரண்டிலையும் இல்லை. நான் வளைவு தெரியுது எண்டு சொன்னது பொய்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கார்டைத்தான் பார்த்தார்.

"பஸ் ஓடுறதுக்கு இரண்டு கண்ணும் வேணும் தம்பி. ஒண்டு மட்டும் எண்டால் ஏலாது." பிறகு சொன்னார்: "முந்தி எழுதின மாதிரியே எழுதிவிடு. கம்பி வளைவு எண்டு. நான் போறன்."

"எழுத ஏலாது அண்ணை."

"இரண்டு தரம் எழுதினனிதானே?"

நாளைக்குக் காலையில் ஷிப்ட் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, அதைப் பற்றி நீ பேசாதே என்றார். ஸ்கோப்பை மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

புஷ்பா மேடம் அப்போதுதான் வாய் திறந்தார். கையில் திருகாணி, கண் திருகாணியில்.

"கார்டு இன்னும் முடியல லா."

கார்டின் அடியில் ஒரு வரி உண்டு: முடிவு வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கப்பட்டதா? தெரிவித்துவிட்டேன் என்றேன்.

"என்ன தெரிவிச்சே? ஸ்கோப் நல்லா இருக்குன்னு தெரிவிச்சே. கண்ணைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே. கண் ஆஸ்பத்திரில எமர்ஜென்சி இப்ப திறந்திருக்கும். கோடு வளைஞ்சு தெரியுதுன்னு சொன்னா உள்ளே எடுப்பாங்க. போ."

அவரும் வந்து பேசுவார் என்று ஒரு கணம் நினைத்தேன். வரவில்லை. எழுதியவன் நான், சொல்ல வேண்டியவனும் நான் என்பது அவருடைய ஒழுங்கு. அன்றைக்கு அது கொடுமையாகப் பட்டது.

அண்ணை ஸ்டேஷனுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றார். எந்தப் பஸ்ஸிலும் ஏறவில்லை. உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வருகிற பஸ் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும், திரும்பாமலே பேசினார்.

"பஸ் தெரியுது. டிரைவர் தெரியிறான், அவனை எனக்குத் தெரியும். சுத்திவர எல்லாம் கிடக்கு. நம்பர் மட்டும் இல்லை."

அந்தப் பஸ் போனது. அடுத்ததும் வந்து போனது.

"என்னோடை வாங்கோ அண்ணை," என்றேன்.

"எங்கை எண்டு சொல்லு."

சொன்னேன். ரயிலில் போனோம். வழி முழுக்க அவர் பேசியது ஒன்றே ஒன்று: வீட்டிலை மனுசிக்கு இப்ப சொல்லாதே, பின்னேரம் நான் சொல்லுறன்.

ஆஸ்பத்திரியில் மூன்று மணித்தியாலம் இருந்தோம். டொக்டர் கட்டம் போட்ட ஒரு சின்னத் தாளைக் கொடுத்து, ஒரு கண்ணைப் பொத்தி, எந்த இடத்தில் கோடு வளைகிறது என்று கேட்டார். எங்கள் நடைபாதைச் சுவரில் இருக்கிற அதே மாதிரித் தாள். விழித்திரையின் நடுவில் நீர் கசிகிறது என்றார்கள். கண்ணுக்குள் ஊசி போடலாம், இருப்பதைக் காப்பாற்றலாம், போனதைத் திருப்பிக் கொண்டுவருவது உறுதியில்லை. எவ்வளவு காலமாக இப்படி என்று டொக்டர் கேட்டார். அண்ணை என்னைப் பார்த்தார். ஏழு வாரம் என்று நான்தான் சொன்னேன். இன்னும் முந்தி வந்திருந்தால் நல்லது என்று டொக்டர் குற்றம் சாட்டாத குரலில் சொல்லி, எழுதிக்கொண்டார்.

அந்த ஏழு வாரத்தை நான் பிறகு பல தடவை பிரித்துப் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் அவருடையது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது எனக்குத் தெரியாது. மீதி மூன்று வாரமும் என்னுடையது. நான் "ஓம் அண்ணை" என்று சொன்னதற்கும் அவர் மூன்றாம் முறை கடைக் கதவைத் திறந்து வந்ததற்கும் இடையில் போன நாட்கள். அந்த நாட்களில் அவருடைய கண் எவ்வளவு கெட்டது என்று எந்த டொக்டரும் சொல்ல மாட்டார். கேட்டும் பார்த்தேன்.

அடுத்த நாள் அவர் ஷிப்டுக்குப் போகவில்லை. டிப்போவுக்குத் தானே போன் எடுத்துச் சொன்னார். பஸ் உரிமம் போனது. சில மாதம் வீட்டில் இருந்துவிட்டு, அதே டிப்போவில் சாரதிமாருக்கு ஷிப்ட் போடுகிற மேசைக்குப் போனார். முந்தி அவர் யாரை ஏசினாரோ அந்த நாற்காலி. இப்போது எல்லோரும் அவரை ஏசுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டு சொன்னார். ஆயிரம் யார் போட்டி அவர் இல்லாமல் நடந்தது. ஆறாவது ஊசிக்குப் பிறகு வலது கண் அதே அளவில் நின்றது. நம்பர் திரும்பி வரவில்லை.

புஷ்பா மேடம் அதைப் பற்றி ஒரு முறையும் பேசவில்லை. என் இரண்டு கார்டையும் கிழிக்கவும் இல்லை. சிவப்பு எழுத்தோடு கோப்பில் இருந்தன, கவுண்டர் மூடிய நாள் வரை.

ஆகவே, பண்டகசாலையில் இருக்கிற உங்கள் இரண்டு பேருக்கும். எந்த ஸ்கோப் என்று கேட்டால்: பெரிதாக்குவதைப் பார்த்து வாங்க விடாதீர்கள். கம்பி எவ்வளவு ஏறுகிறது, ஏறியது சரியாக இறங்குகிறதா என்று பாருங்கள். மிச்சக் காசுக்குச் சரிந்த தட்டு ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். இவ்வளவும் மின்னஞ்சலில் எழுதலாம். ஆனால் பதில் எழுதுவதற்கு முன் ஆறு கேள்வியையும் அனுப்புங்கள். பதில் வராத கேள்வியை நீங்களே நிரப்பாதீர்கள், கேட்பவர் உங்கள் தகப்பன் வயதுக்காரராக இருந்தாலும்.

மரியதாஸ் அண்ணை ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் கவுண்டருக்கு வந்தார். இடது தோளில் வைத்துச் சுடப் பழகியிருக்கிறாராம். ஆரம்பத்தில் குழந்தைப்பிள்ளை பேனை பிடிக்கிற மாதிரி இருந்ததாம். கிளப்பில் மறுபடி ஆயிரம் யார் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். அதிகம் செலவில்லாமல் ஒரு ஸ்கோப் வேண்டும். நான் கார்டை எடுத்து, பேனையைத் திறந்து, முதல் கேள்வியை வாய்விட்டுக் கேட்டேன்.

"உந்தக் கார்டை இஞ்சை தா," என்று வாங்கினார். "நீ எழுதினது போதும்."

முகத்தைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பி, தாளை இடது கண்ணுக்கு நேரே வைத்து, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஒவ்வொன்றாக எழுதினார். எந்தக் கண் என்ற இடத்தில் இடது. தூரம் ஆயிரம், யார். துப்பாக்கி, தட்டு, செலவு. கடைசிக் கேள்விக்கு வந்ததும் ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குனிந்து எழுதினார்: போன செவ்வாய்க்கிழமை.

நான் அலுமாரியைத் திறந்தேன்.